ரேடியோகிராபி ஆய்வகம்: மருத்துவமனை ஒப்பந்தமா, சிமுலேட்டரா, சொந்த எக்ஸ்ரே அறையா?

ஒரு பல்கலைக்கழகத்தில் ரேடியோகிராபி (எக்ஸ்ரே போன்ற மருத்துவப் படங்களை எடுக்கும் தொழில்) பட்டப்படிப்பு தொடங்கப்போகிறது, அல்லது ஏற்கெனவே நடக்கும் படிப்புக்குக் கொஞ்சம் நிதி வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். துறைக் கூட்டத்தில் மூன்று குரல்கள் கேட்கும். பெரிய மருத்துவமனையோடு ஒப்பந்தம் போட்டால் போதும், நமக்கு எதற்குச் சொந்த இயந்திரம் என்பார் ஒருவர். இனி எல்லாம் கணினிதான், மெய்நிகர் காட்சி தரும் விஆர் கண்ணாடி வாங்கினால் கதிர்வீச்சுத் தொல்லையே கிடையாது என்பார் இன்னொருவர். ஈயம் பதித்த சுவரோடு, நிஜமாகவே எக்ஸ்ரே எடுக்கக்கூடிய அறை வேண்டும் என்பார் மூன்றாமவர். மூவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் பணமும் இடமும் பெரும்பாலும் ஒன்றுக்குத்தான் போதும். எதை முதலில் செய்வது?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மருத்துவமனைப் பயிற்சி எப்படியும் இருந்தே ஆக வேண்டும். அதற்கு அடுத்தபடியாகக் கையில் இருக்கும் பணத்தை, சிறியதாக இருந்தாலும் சரி, இயங்கும் எக்ஸ்ரே அறை ஒன்றில் போட வேண்டும். சிமுலேட்டர் அதற்கு அப்புறம்தான். காரணம் இதுதான்: கற்பதற்கும் ஆய்வு செய்வதற்கும் ஒரே தேவை இருக்கிறது. மற்ற எல்லாவற்றையும் அப்படியே வைத்துவிட்டு ஒன்றை மட்டும் மாற்றி, இன்னொரு எக்ஸ்போஷர் கொடுத்து (அதாவது இன்னொரு முறை கதிரைப் பாய்ச்சி), என்ன ஆனது என்று அளந்து பார்க்க வேண்டும். நோயாளி மீது அதைச் செய்யக் கூடாது. கணினிக்குள் செய்தால், மென்பொருள் எழுதியவர் முன்பே நினைத்து வைத்த விடைதான் திரும்பி வரும்.

மருத்துவமனை தருவதும் தராததும்

இடுப்பு எலும்பு முறிந்து, அசைந்தாலே துடிக்கும் முதியவரை எப்படிப் படுக்கவைப்பது, அழுகிற குழந்தை மூச்சை உள்ளே இழுக்கும் அந்த நொடியை எப்படிப் பிடிப்பது, நினைவில்லாமல் இருப்பவர் யார் என்பதை எப்படி உறுதிசெய்வது, ட்ரிப் ஓடுகிற கையை எப்படித் திருப்புவது என்பதெல்லாம் மருத்துவமனையில் மட்டுமே கற்கக்கூடியவை. எந்த ஆய்வகமும் இதற்கு மாற்றாகாது. ஆகவே அந்தப் பயிற்சி நாட்களைக் குறைக்கும் எந்தத் திட்டத்தையும் நான் ஆதரிக்க மாட்டேன். கேள்வியெல்லாம் அது மட்டும் போதுமா என்பதுதான்.

போதாது. முழங்காலின் பக்கவாட்டுப் படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தொடை எலும்பின் கீழ்முனையில் உள்ள இரண்டு முண்டுகளும் படத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக விழ வேண்டும். எக்ஸ்ரே குழாயைத் தலைப்பக்கமாக 5 முதல் 7 டிகிரி சாய்க்கச் சொல்வார்கள். கால் சற்றே முன்னாலோ பின்னாலோ சுழன்றிருந்தால் ஒரு முண்டு பின்னால் தள்ளித் தெரியும். அது உட்பக்க முண்டா வெளிப்பக்க முண்டா என்று கண்டுபிடித்தால்தான் காலை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியும். மருத்துவமனையில் ஒரு மாணவர் இதைத் தவறாக எடுத்தால் என்ன நடக்கும்? மறுபடி எடுப்பது நோயாளிக்கு இன்னொரு டோஸ், அதாவது உடல் வாங்கும் கதிர் இன்னும் கூடும். அதனால் அனுபவமுள்ள ரேடியோகிராபர் குறுக்கிட்டு, தானே சரிசெய்து எடுத்துவிடுவார். அதுதான் முறையும்கூட. மாணவர் எங்கே பிசகியது என்று யோசிப்பதற்குள் அடுத்த நோயாளி மேசையில் இருப்பார்.

டிஜிட்டல் எக்ஸ்ரேயில் நிராகரிக்கப்படும் படங்களுக்குப் பெரும்பாலும் பொசிஷனிங், அதாவது உடலைச் சரியான நிலையில் வைப்பதில் வரும் தவறுதான் காரணம். அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2015-இல் வெளியிட்ட அறிக்கை, நிராகரிப்பு விகிதத்துக்கு 8 சதவீதத்தை இலக்காகவும், 10 சதவீதத்தைத் தாண்டினால் விசாரிக்க வேண்டிய எல்லையாகவும் சொல்கிறது. தேர்ந்தவர்கள் வேலை செய்யும் இடத்துக்கே அவ்வளவு இடம் விட வேண்டியிருக்கிறது என்றால், தொடக்க நிலை மாணவருக்கு எத்தனை தவறுகளுக்கு இடம் தேவைப்படும்? அந்தத் தவறுகளை நோயாளியின் உடலில் செய்யவைப்பது நியாயமே இல்லை. பயிற்சிக்காக மட்டும் ஒரு மனிதர் மீது எக்ஸ்ரே பாய்ச்சக் கூடாது என்பது இந்தத் தொழிலின் அடிப்படை ஒழுக்கம்.

இன்னொரு குறையும் உண்டு, அது அவ்வளவாகக் கண்ணில் படாது. மருத்துவமனை இயந்திரத்தில் உடல் பகுதியின் பெயரைத் தொட்டால் கேவி (கதிரின் ஊடுருவும் திறனை முடிவுசெய்யும் மின்னழுத்தம்), எம்ஏஎஸ் (கதிரின் அளவை முடிவுசெய்யும் எண்) எல்லாம் தானாக வந்து நிற்கும். தானியங்கி எக்ஸ்போஷர் கட்டுப்பாடு சரியான நேரத்தில் கதிரை நிறுத்திவிடும். வேலைக்கு அது நல்லதுதான். ஆனால் ஒரு மாணவர் தன் பயிற்சிக் காலம் முழுவதையும், ஒரு கேவியைக்கூடத் தானே யோசித்துத் தேர்ந்தெடுக்காமல் முடித்துவிட முடியும். பிறகு ஏதோ ஓர் இரவுப் பணியில் அந்தத் தானியங்கி வேலை செய்யாதபோது அவர் கை நடுங்கும்.

ஆய்வு என்று வந்தால் நிலைமை இன்னும் கடினம். இயந்திரம் இரவில் மட்டும் காலியாக இருக்கும். அமைப்புகளை மாற்ற அனுமதி கிடைக்காது. கிடைக்காததும் நல்லதே. சோதனைக்காக மாற்றிய ஓர் அமைப்பை யாராவது பழையபடி வைக்க மறந்துவிட்டால், மறுநாள் காலை வரும் நோயாளிதான் அதன் விலையைக் கொடுப்பார்.

சிமுலேட்டர்

கணினி சிமுலேட்டர்களை நான் குறைத்து மதிப்பிடவில்லை. கதிர் சிகிச்சைப் பயிற்சியில் இங்கிலாந்தின் ஹல் நகரில் உருவான வெர்ட் என்ற அமைப்பு, லீனியர் ஆக்சிலரேட்டர் என்ற சிகிச்சை இயந்திரத்தின் அறையைப் பெரிய திரையில் முப்பரிமாணமாகக் காட்டியது. அது அங்கே பரவலாகக் கையாளப்பட்டதற்கு நல்ல காரணம் இருந்தது. சிகிச்சை இயந்திரத்தைப் பயிற்சிக்கென்று வாங்கி வைப்பது எந்தக் கல்லூரிக்கும் எளிதல்ல, சிகிச்சை நேரத்தில் மாணவரை அதில் தடுமாறவிடவும் முடியாது. அங்கே சிமுலேட்டருக்கு ஈடான வழி அநேகமாக இல்லை. எக்ஸ்ரேக்கு நிலைமை அப்படியில்லை. சாதாரண எக்ஸ்ரே அறை ஒன்றைப் பல்கலைக்கழகம் தானே வைத்துக்கொள்ள முடியும்.

சிமுலேட்டர் எதில் சிறக்கிறது? வேலையின் வரிசையைப் பழக்குவதில். கோரிக்கைப் படிவத்தைப் படி, நோயாளியை உறுதிசெய், கர்ப்பம் பற்றிக் கேள், தூரத்தைச் சரிபார், குழாயை மையப்படுத்து, ஒளிப் பரப்பைச் சுருக்கு, பக்கக் குறியை வை என்ற ஒழுங்கு நூறு முறை திரும்பத் திரும்பச் செய்தால்தான் பழக்கமாகும். அதற்கு டோஸ் கிடையாது, வரிசையில் காத்திருக்க வேண்டியதில்லை, மாணவர் வீட்டிலிருந்தேகூடச் செய்யலாம். எக்ஸ்ரே அறைக்குள் முதல் நாள் நுழையும்போது வரும் பதற்றம் பாதியாகக் குறையும்.

ஆனால் மாணவரின் விரல்கள் அங்கே எதையும் தொடுவதில்லை. இடுப்பு எலும்பின் மேல் விளிம்பைத் தொட்டுத் தேடி, அதன் நேரே முதுகெலும்பின் கீழ்முதுகுப் பகுதியிலுள்ள நான்காம் முள்ளெலும்பு இருக்கும் என்று உணர்வது கைக்குத் தெரிய வேண்டிய விஷயம். குழாயின் எடை, பூட்டு விடுபடும் சத்தம், மேசை நகரும்போது கொடுக்கும் இழுப்பு எதுவும் திரையில் வராது.

வாங்குவதற்கு முன் விற்பனையாளரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். எம்ஏஎஸ்ஸைக் கால்வாசியாக்கினால் படத்தில் இரைச்சல் (புள்ளிபுள்ளியாகத் தெரிவது) கூடுகிறதா? சிதறிய கதிரை வடிகட்டும் கிரிட்டை எடுத்துவிட்டால் சிதறல் கதிரால் படம் மங்குகிறதா? அப்படியானால் அது எப்படிக் கணக்கிடப்படுகிறது? பல அமைப்புகள் சிடி தரவிலிருந்து ஒரு நிழல்படத்தைக் கணக்கிட்டுக் காட்டுகின்றன. எலும்புகளின் வடிவம் அதில் அழகாக வரும். சிதறலையும் இரைச்சலையும் ஒப்புக்குச் சேர்த்திருந்தால், இயற்பியல் பாடத்துக்கு அதை நம்ப முடியாது. உரிமக் கட்டணம் ஆண்டுதோறுமா என்பதையும் கேளுங்கள். நிதி நின்ற ஆண்டில் ஆய்வகமே மறைந்துபோகும் ஏற்பாடு ஒரு படிப்புக்கு ஆபத்து.

கணினி வழி ஆய்வு வேண்டும் என்றால் விலையுள்ள விஆர் அமைப்பே தேவையில்லை. ஜியாண்ட்4, அதன் மேல் கட்டப்பட்ட கேட் போன்ற மான்டே கார்லோ (தற்செயல் எண்களை வைத்துக் கணக்கிடும்) மென்பொருள்கள் இலவசம். கதிரின் துகள்களான ஃபோட்டான்கள் உடலுக்குள் எங்கே சிதறி எங்கே உறிஞ்சப்படுகின்றன என்பதை அவற்றில் கணக்கிடலாம். அந்தக் கணக்கு சரியா என்று பார்க்க மட்டும் எங்கேயாவது நிஜமாக அளந்த எண் ஒன்று வேண்டும். அது எக்ஸ்ரே அறையிலிருந்துதான் வர வேண்டும்.

இயங்கும் எக்ஸ்ரே அறை

ரான்ட்கன் 1895 நவம்பர் 8 அன்று எக்ஸ் கதிரைக் கண்டது வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் ஆய்வகத்தில். அதன்பின் வாரக்கணக்கில் அவர் செய்ததெல்லாம் கதிரின் பாதையில் காகிதம், மரம், அலுமினியம், ஈயம் என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்ததுதான். இன்றைய மாணவருக்கும் அதே சுதந்திரம் வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

தூரத்தை 100 சென்டிமீட்டரிலிருந்து 200-க்கு மாற்றினால், கதிரை வாங்கிப் படமாக்கும் டிடெக்டருக்கு வரும் கதிர் நாலில் ஒன்றாகும் என்பதை எந்த மாணவரும் தேர்வில் எழுதிவிடுவார். ஆனால் மேசையில் 100 சென்டிமீட்டரில் எடுத்ததைச் சுவர் ஸ்டாண்டில் 180 சென்டிமீட்டரில் எடுக்கும்போது அதே எம்ஏஎஸ் வைத்து, படம் புள்ளிபுள்ளியாக வந்து, கதிரை அளக்கும் மீட்டரில் எண் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே விழுந்திருப்பதைக் கண்ணால் பார்த்தவர் அதை மறக்கமாட்டார். கேவியை 15 சதவீதம் கூட்டினால் எம்ஏஎஸ்ஸைப் பாதியாக்கலாம் என்ற விதியும் அப்படித்தான். 70-இலிருந்து ஏறக்குறைய 80-க்கு ஏற்றி, எம்ஏஎஸ்ஸைப் பாதியாக்கி, இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், டிடெக்டருக்கு ஒரே அளவு கதிர் வந்திருந்தும் எலும்புக்கும் தசைக்கும் உள்ள வேறுபாடு சற்றுக் குறைந்திருப்பது தெரியும். அந்த விதிக்கு ஒரு விலை உண்டு என்பது அப்போதுதான் உறைக்கும்.

டிஜிட்டல் காலத்தில் இப்படிப்பட்ட அறை இன்னும் அவசியமாகிவிட்டது. ஃபிலிம் காலத்தில் கதிர் கூடினால் படம் கறுத்துவிடும், தவறு உடனே தெரியும். டிஜிட்டலில் கதிர் கூடினால் படம் இன்னும் அழகாகத்தான் வரும், குறைந்தால் மட்டுமே இரைச்சல் தெரியும். அதனால் வேலை செய்பவர்கள் தம்மை அறியாமலே கொஞ்சம் கொஞ்சமாக எம்ஏஎஸ்ஸை ஏற்றிக்கொண்டே போவார்கள். இதைத் தடுக்கத்தான் 2008-இல் எக்ஸ்போஷர் குறியீட்டுக்கான சர்வதேசத் தரம் வந்தது. அதில் விலகல் குறியீடு 0 என்றால் இலக்கில் இருக்கிறோம், +3 என்றால் ஏறக்குறைய இரட்டிப்புக் கதிர், -3 என்றால் பாதி. எம்ஏஎஸ்ஸை இரட்டித்து இரட்டித்து ஐந்து படங்கள் எடுத்து, குறியீட்டை மறைத்துவிட்டு, எது அதிக டோஸ் என்று மாணவர்களைக் கேளுங்கள். திரையைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாமல் அவர்கள் திணறுவார்கள். இந்த ஒரு பாடத்துக்காகவே ஓர் அறை கட்டலாம்.

பாதுகாப்பு பற்றிய பயம் இயல்பானது, ஆனால் அது தீர்க்கக்கூடிய கணக்கு. வாரத்துக்கு எவ்வளவு எக்ஸ்போஷர், சுவருக்கு அப்பால் யார் எவ்வளவு நேரம் இருப்பார்கள், எவ்வளவு தூரம் ஆகியவற்றை வைத்துச் சுவரின் ஈயத் தடிமன் முடிவாகும். பயிற்சி அறையின் வாரச் சுமை பரபரப்பான மருத்துவமனை அறையைவிட மிகக் குறைவு என்பதால் கணக்கு நமக்குச் சாதகமாகவே இருக்கும். பொதுமக்களுக்கு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட் (டோஸின் அலகு), தொழிலாளருக்கு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20, பயிற்சியில் இருக்கும் 16 முதல் 18 வயதினருக்கு 6 என்பவை சர்வதேச வரம்புகள். கட்டுப்பாட்டுத் தடுப்புக்குப் பின்னால் நிற்கும் மாணவர் இவற்றின் பக்கத்தில்கூடப் போகமாட்டார். உடலிலிருந்து ஒரு மீட்டர் தள்ளிப் பக்கவாட்டில் வரும் சிதறல், உள்ளே விழும் கதிரில் சுமார் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற விதியை அவர்களே மீட்டரால் அளந்து பார்க்கட்டும். பயமும் அலட்சியமும் இரண்டுமே குறையும். உரிமம், கதவுப் பூட்டு இணைப்பு, எச்சரிக்கை விளக்கு, பொறுப்பான பாதுகாப்பு அதிகாரி எல்லாம் கட்டாயம் வேண்டும், இதில் பேரமே இல்லை.

ஃபான்டம்

மேசையில் யாரைப் படுக்கவைப்பது? ஃபான்டத்தை, அதாவது எக்ஸ்ரேக்கு மனித உடல் போலவே தெரியும் மாதிரி உடலை. இங்கேதான் பல துறைகள் பணத்தைத் தவறான இடத்தில் போடுகின்றன. இயந்திரத்துக்கு எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, ஃபான்டத்துக்கு மிச்சத்தை வைப்பார்கள். நான் இதைத் திருப்பிப் போடச் சொல்வேன். இயந்திரம் ஒரு தலைமுறை பழையதாக இருந்தாலும் இயற்பியல் மாறாது. மூட்டுகள் மடங்காத ஃபான்டம் வாங்கினால், முழங்கால் பக்கவாட்டுப் படமே எடுக்க முடியாது. கியோட்டோ ககாகு போன்ற நிறுவனங்கள் மூட்டுகள் அசையும் முழு உடல் ஃபான்டங்களைச் செய்கின்றன. பொசிஷனிங்குக்கு அதுதான் சரி.

டோஸ் ஆய்வுக்கு வேறு வகை வேண்டும். அல்டர்சன் ராண்டோ ஃபான்டம் 2.5 சென்டிமீட்டர் தடிமன் துண்டுகளாகப் பிரியும். ஒவ்வொரு துண்டிலும் உள்ள துளைகளில் டோஸை அளக்கும் சிறு லித்தியம் ஃப்ளூரைடு டோசிமீட்டர்களைச் செருகி, கல்லீரல் இருக்கும் இடத்தில் எவ்வளவு, கருப்பை இருக்கும் இடத்தில் எவ்வளவு என்று அளக்கலாம். படத்தரத்துக்கு சிடிராட் போன்ற பலகை போதும். 225 சதுரங்களில் 0.3 முதல் 8 மில்லிமீட்டர் வரை பல அளவுத் துளைகள் இருக்கும். எவ்வளவு சிறிய, எவ்வளவு மங்கலான துளை வரை கண்ணுக்குத் தெரிகிறது என்பதே அளவுகோல்.

இவற்றுக்கெல்லாம் பணம் இல்லையென்றால் அக்ரிலிக் பலகைகள், தண்ணீர் நிரப்பிய பெட்டிகள், அலுமினியப் படிக்கட்டுத் துண்டு ஆகியவற்றோடு தொடங்கலாம். நல்ல ஆய்வேடுகள் அக்ரிலிக் பலகைகளை வைத்தே எழுதப்படுகின்றன. ஆனால் ஃபான்டம் மூச்சு விடாது, அசையாது, வலிக்கிறது என்று சொல்லாது. அசைவால் வரும் மங்கலையும், மூச்சு போதாத மார்புப் படத்தையும், பேசிப் புரியவைக்கும் திறனையும் வேறிடத்தில்தான் கற்க வேண்டும்.

கேசட்டில் உள்ள தட்டைத் தனி ரீடரில் போட்டுப் படிக்கும் சிஆரா, படத்தை நேரடியாகத் திரைக்கு அனுப்பும் டிஆரா என்று அடுத்து விவாதம் வரும். மாணவர்கள் வேலைக்குப் போகும் இடங்களில் டிஆர் இருந்தால் அதையே வையுங்கள். ஐந்து நொடியில் படம் வருவது பயிற்சிக்கும் வசதி, ஒரு மணி நேரத்தில் பல மடங்கு முயற்சிகள் செய்யலாம். மருத்துவமனை ஒன்று பழைய சிஆர் ரீடரைக் கொடுக்க முன்வந்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். தட்டில் பதிந்த சமிக்ஞை நேரம் போகப் போக மங்குவதையும், அழிக்காத தட்டில் பழைய படத்தின் நிழல் வருவதையும் காட்ட அதைவிட நல்ல பொருள் கிடையாது.

ஆய்வுக்கு முட்டுக்கட்டை எங்கே இருக்கிறது

இனி சொல்வதுதான் இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது. அருமையான டிஆர் இயந்திரம் வாங்கி, அதில் ஒரு ஆய்வும் செய்ய முடியாமல் நிற்கும் நிலை பல்கலைக்கழகங்களுக்கு வரக்கூடும். இயந்திரத்திலிருந்து வெளியே வரும் படம், தயாரிப்பாளரின் மென்பொருளால் விளிம்பு கூர்மையாக்கப்பட்டு, இரைச்சல் மட்டுப்படுத்தப்பட்டு, ஒளி சமன்செய்யப்பட்ட படம். மருத்துவர் பார்ப்பதற்கு அது சரி. ஆனால் அதன் பிக்சல் எண்ணுக்கும் டிடெக்டரில் விழுந்த கதிருக்கும் நேரான உறவு அறுந்துபோயிருக்கும். கூர்மையை அளக்கும் எம்டிஎஃப், இரைச்சல் நிறமாலை, டிடெக்டரின் திறனைச் சொல்லும் டிகியூஇ எதையும் அந்தப் படத்தில் நம்பிக்கையோடு கணக்கிட முடியாது. பக்குவப்படுத்தாத மூலப் படம் வேண்டும். மருத்துவப் படங்களுக்கான டைகாம் தரத்திலேயே அதற்குத் தனி வகை இருக்கிறது: ‘காட்சிக்கு’ என்றும் ‘செயலாக்கத்துக்கு’ என்றும் படங்கள் பிரிக்கப்படுகின்றன. இரண்டாவது வகையை ஏற்றுமதி செய்யும் வசதி பல இயந்திரங்களில் பூட்டப்பட்டிருக்கும்.

அந்தப் பூட்டைத் திறக்கும் உரிமையை வாங்கும்போதே எழுத்தில் பெற்றுவிட வேண்டும். வாங்கிய பிறகு கேட்டால் அது தனிச் செலவாகவோ, முடியாத காரியமாகவோ ஆகலாம். அதே நேரத்தில் தானியங்கி எக்ஸ்போஷரை முழுதாக அணைக்க முடியுமா, கேவியையும் எம்ஏஎஸ்ஸையும் தனித்தனியாகக் கையால் வைக்க முடியுமா, கிரிட்டை எடுத்துவிட்டுப் படம் எடுக்க முடியுமா என்பதையும் நேரில் செய்து காட்டச் சொல்லுங்கள். 21 மில்லிமீட்டர் அலுமினியத்தைக் குழாயின் முன் பொருத்தி, சர்வதேசத் தரம் சொல்லும் ஆர்கியூஏ5 என்ற சோதனைக் கதிரை உண்டாக்கிப் பார்க்கும் அளவுக்கு அந்த அறை இணங்க வேண்டும். இத்தனைக்கும் சேர்ந்து ஆகும் கூடுதல் செலவு அறையின் மொத்தச் செலவில் சிறிய பங்குதான். படங்களை அலசும் இமேஜ்ஜே என்ற மென்பொருள் இலவசம், படங்களைச் சேமித்துப் பகிர ஆர்த்தாங்க் என்ற டைகாம் சர்வரும் இலவசம்.

பயிற்சியும் ஆய்வும் ஒரே அறையில் நடப்பதால் என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு, இனப்பெருக்க உறுப்புகளுக்கு வைக்கும் ஈயத் தடுப்பின் கதையைச் சொல்வேன். பல பத்தாண்டுகளாக இடுப்பு எக்ஸ்ரேயில் ஈயத் துண்டு வைப்பது நல்ல பழக்கம் என்றே கற்பிக்கப்பட்டது. 2019-இல் அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் அதை வழக்கமாகச் செய்வதை நிறுத்தச் சொன்னது. 2021-இல் அந்நாட்டுக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு மன்றமும் அதே திசையில் அறிக்கை விட்டது. ஈயம் பார்க்க வேண்டிய எலும்பை மறைத்து மறுபடி எடுக்கவைக்கலாம், தானியங்கிச் சென்சார் மேல் விழுந்தால் இயந்திரம் கதிரைக் கூட்டிவிடலாம், மரபணுப் பாதிப்பு முன்பு பயந்ததைவிடக் குறைவு என்பவை காரணங்கள். இதை ஒரு விரிவுரையில் கேட்கும் மாணவர், மருத்துவமனையில் இன்னும் ஈயம் வைக்கும் மூத்தவரைப் பார்த்ததும் குழம்புவார். இடுப்பு ஃபான்டத்தின் மேல் சென்சார் இருக்கும் இடத்தில் ஈயத் துண்டை வைத்து, எம்ஏஎஸ் எகிறுவதைத் தானே பார்த்தவர் குழம்பமாட்டார். பதற்றத்தோடு கேட்கும் நோயாளிக்கும் காரணத்தைத் தெளிவாக விளக்குவார்.

மற்றவை

எம்ஆர்ஐயைப் பயிற்சிக்கென்று வாங்க வேண்டாம். காந்தம் ஒருபோதும் அணையாது, பராமரிப்பு ஓயாது, ஆளில்லாத வகுப்பறை நேரத்திலும் அது ஆபத்தானது. மூளை ஆய்வு மையம் போன்ற வேறு துறையோடு நேரம் பகிர்ந்துகொள்வதே வழி. சிடியும் ஏறக்குறைய அப்படித்தான். அதன் கன்சோல் மென்பொருளை வைத்துப் பழகினாலே தொடக்கத்துக்குப் போதும். அல்ட்ராசவுண்ட் மட்டும் விதிவிலக்கு. அயனியாக்கும் கதிர் இல்லாததால் மாணவர்கள் ஒருவரையொருவர் ஒப்புதலோடு ஸ்கேன் செய்து பழகலாம். ஸ்கேனில் எதிர்பாராத கட்டி ஏதாவது தெரிந்தால் யாரிடம் சொல்வது என்ற விதியை முன்பே எழுதி வைத்துவிடுங்கள்.

யாரும் கேட்காத, ஆனால் நான் வலியுறுத்தும் ஒன்று உண்டு: படம் பார்க்கும் அறை. டைகாம் சாம்பல் அளவுகோலுக்குச் சரிசெய்த இரண்டு மானிட்டர்கள், 25 முதல் 50 லக்ஸ் வரை மங்க வைக்கக்கூடிய விளக்கு, அமைதி. இவ்வளவுதான். இங்கே உட்கார்ந்து ஒரே ஃபான்டத்தின் வெவ்வேறு டோஸ் படங்களைப் பத்துப் பேர் தனித்தனியாக மதிப்பிட்டால் அது முறையான ஆய்வு. எந்த டோஸுக்கு மேல் போனால் கண்ணுக்கு ஒரு லாபமும் இல்லை என்பதை இப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள். எக்ஸ்ரே அறையில் ஒரு சமயத்தில் ஐந்தாறு பேருக்கு மேல் நின்றால் யாருக்கும் கை பழகாது. மீதிப் பேர் இங்கே அவரவர் எடுத்த படங்களை அலசிக்கொண்டிருக்கலாம்.

யாருக்கு எது

ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து மாணவர்கள் மட்டும், ஆய்வுப் பட்டம் இல்லை, நடந்து போகும் தூரத்தில் மருத்துவமனை, அங்கே மாலையில் ஓர் அறை உறுதியாகக் கிடைக்கும் என்றால் சொந்த அறை கட்ட அவசரம் வேண்டாம். நல்ல ஃபான்டம் ஒன்றை வாங்கி அங்கே எடுத்துப் போங்கள். அந்த மாலை நேரம் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும், ஒருவரது நல்ல மனதை நம்பி இருக்கக் கூடாது. அவர் மாற்றலாகிப் போனால் அறையும் போய்விடும்.

மாணவர்கள் பெரும் எண்ணிக்கையில் இருந்து, மருத்துவமனைகள் தூரமாகவும் சிதறியும் இருந்தால் சிமுலேட்டரின் மதிப்பு ஏறுகிறது. அப்போதும் ஒரு சிறிய இயங்கும் அறைக்குப் பக்கத்தில் அதை வைப்பேன், அதற்குப் பதிலாக வைக்கமாட்டேன். முதல் வாரங்களில் திரையில் வரிசை பழகிய பிறகு அறைக்கு வந்தால் அறையின் ஒவ்வொரு மணி நேரமும் உருப்படியாகச் செலவாகும்.

முதுகலை அல்லது முனைவர் பட்டம் தரும் எண்ணம் இருந்தால் தேர்வு என்று ஒன்று கிடையாது. மூலப் படம் தரும் இயங்கும் அறை வேண்டும், அளவுத்திருத்தம் செய்த டோஸ் மீட்டர் வேண்டும். மீட்டரை உரிய இடைவெளியில் மறுபடி அளவுத்திருத்தத்துக்கு அனுப்பும் செலவையும் ஆண்டுத் திட்டத்தில் சேர்க்க வேண்டும். இடமே சிக்கல் என்றால், தன்னைத்தானே ஈயத்தால் மூடிக்கொண்ட பெட்டி வகை எக்ஸ்ரே ஒன்றை யோசிக்கலாம். அறைக்கு ஈயச் சுவர் தேவைப்படாது. புதைபடிவம், மரம், விதை என்று மற்ற துறைகளும் அதைத் தேடி வரும். மனித உடலின் பொசிஷனிங் மட்டும் அதில் கற்க முடியாது.

எந்த வழியைத் தேர்ந்தாலும், கொள்முதல் கோப்பில் ஒரு பணியிடத்தையும் சேர்த்துக் கேளுங்கள். காலையில் குழாயைச் சூடேற்றுவதும், ஒளிப் பரப்பும் கதிர்ப் பரப்பும் தூரத்தில் 2 சதவீதத்துக்குள் பொருந்துகின்றனவா என்று மாதாமாதம் பார்ப்பதும், ஃபான்டத்தின் மூட்டைக் கவனமாகப் பிடித்துத் திருப்பச் சொல்லிக்கொடுப்பதும் ஒருவரின் முழுநேர வேலை. விரிவுரையாளர்கள் முறைவைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் இரண்டாம் ஆண்டே அந்த அறை பூட்டிக் கிடக்கும். ஆகவே மொத்த நிதியைக் கணக்கிடும்போது அந்த ரேடியோகிராபரின் குறைந்தது ஐந்தாண்டுச் சம்பளத்தை முதலில் கழித்துவிட்டு, மீதியில் எந்த இயந்திரம் வாங்கலாம் என்று பாருங்கள்.